விடுதலை இந்தியாவின் முதல் கணக்கப்பிள்ளை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் அதிகாரங்களை அடுக்கியிருக்கும் முறையைச் சற்றே கூர்ந்து பாருங்கள். 76ஆவது அதிகாரம் பொருள்செயல்வகை. அதை அடுத்து வரும் 77ஆவது அதிகாரம் படைமாட்சி. முதலில் பொருள், பிறகே படை. பள்ளியில் மனப்பாடம் செய்த நாளில் இந்த வரிசை எனக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்தது. அதன் உட்பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர் கோவை தந்த பெருமகன், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர், சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

அவரை நான் தேடிப் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மதுரை தமுக்கத்தில், இராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1959இல் பண்டித நேரு திறந்துவைத்தது. சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுடன் நானும் அங்குச் சென்றேன். அண்ணல் சுடப்பட்ட நாளின் இரத்தக் கறை படிந்த துணி அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. அதன் முன்னே பேச்சற்று நின்றோம். பிறகு மரநிழலில் அமர்ந்திருந்தபோது, அண்ணலின் கடைசி உண்ணாநோன்பைப் பற்றியும், அந்நாளில் பாகிஸ்தானுக்குத் தரவேண்டியிருந்த 55 கோடி ரூபாயைப் பற்றியும் எங்களுடன் வந்த பேராசிரியர் விளக்கினார். கணிதம் படிப்பவன் அல்லவா? எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அன்று நாட்டின் பணப்பெட்டிச் சாவி யார் கையில் இருந்தது? அவர் ஒரு தமிழர் என்று அறிந்ததும் நூலகத்தை நாடினேன்.

இளமையும் ஏற்றமும்

சண்முகம் செட்டியார் 1892 அக்டோபர் 17ஆம் நாள் கோவையில் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பின்னர்ச் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். 1917இல் கோவை நகராட்சி உறுப்பினரானார். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் பணம் ஒதுக்கும் இடத்தில்தான் அவருடைய பொதுவாழ்வு தொடங்கியது என்பது நினைக்கத்தக்கது. 1920இல் சென்னைச் சட்டமன்றம், 1924இல் தில்லி மத்திய சட்டசபை என்று படிப்படியாக உயர்ந்தார். 1933இல் அச்சபையின் தலைவராகவே அமர்ந்தார்.

ஆயினும் அவர் வாழ்க்கை மலர்ப்பாதையாக மட்டும் இருக்கவில்லை. 1932இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த பேரரசுப் பொருளாதார மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். ஆங்கிலப் பொருள்களுக்கு வரிச்சலுகை தரும் உடன்பாட்டை அவர் ஏற்றது, தேசியத் தலைவர்களின் கடுங்கண்டனத்துக்கு உள்ளானது. 1934 தேர்தலில் தோல்வியும் கண்டார். துவண்டுவிடவில்லை. 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாகப் பணியாற்றினார். 1944இல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் நகரில் நடந்த மாநாட்டில் இந்தியக் குழுவில் ஒருவராக அமர்ந்தார். பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் பிறந்தது அங்கேதான்.

இவற்றுக்கிடையே சிலப்பதிகாரத்துக்கு உரை காணவும் தமிழிசைக்குத் துணைநிற்கவும் அவருக்கு நேரம் இருந்தது. கணக்கும் காவியமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம் என்பதற்கு அவரே சான்று.

அவர் காங்கிரசைச் சேர்ந்தவர் அல்லர். அக்கட்சியோடு தேர்தல் களத்தில் மோதியவர். அப்படியிருந்தும் 1947 ஆகஸ்டு 15இல் அமைந்த முதல் அமைச்சரவையில் நிதித்துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மாற்று முகாமில் நின்ற அண்ணல் அம்பேத்கரும் அதே அமைச்சரவையில் இடம்பெற்றார். கட்சிக்கணக்கு வேறு, நாட்டுக்கணக்கு வேறு என்று அன்றைய பெரியவர்கள் எண்ணினார்கள்.

பாகப்பிரிவினையில் ஒரு படை

அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும் வீட்டை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். நிலத்தைக்கூட அளந்து பிரித்துவிடலாம். அண்டாவை எப்படிப் பிரிப்பது? ஒரு வீட்டில் ஓர் அண்டா போதும்; இரண்டு வீடானால் இரண்டு வேண்டும். பாகப்பிரிவினை செலவைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது.

இந்தியப் படைக்கும் இதே நிலை நேர்ந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்டிருந்த படை அது. போர் முடிந்தபின் குறைக்கப்பட்டு வந்த அந்தப் படையை, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவுக்கும் ஒரு பங்கு பாகிஸ்தானுக்கும் என்று பிரித்தார்கள். ஒரே பட்டாளத்தில் ஒன்றாக உண்டு உறங்கிய வீரர்கள் இருவேறு இரயில்களில் ஏறினார்கள். துப்பாக்கித் தொழிற்சாலைகள் அனைத்தும் இந்தியப் பகுதியில் இருந்தன. தளவாடப் பங்கீட்டில் ஓயாத வழக்கு. படையைக் குறைத்தால் செலவு குறையும் என்று காத்திருந்த வேளையில், பஞ்சாபில் இரத்த ஆறு ஓடியது. அகதிகளைக் காக்க அதே படை தேவைப்பட்டது. அக்டோபர் 27ஆம் நாள் சீக்கியப் படைப்பிரிவின் முதல் பட்டாளம் டகோட்டா விமானங்களில் ஸ்ரீநகரில் இறங்கியது. காஷ்மீரப் போர் மூண்டது.

போருக்கு என்ன செலவாகும் என்று பட்டாளத்தில் 20 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவிடம் கேட்டேன். துப்பாக்கியைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கம்பளியைப் பற்றியும், பூட்சைப் பற்றியும், மலைமுகாமுக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோகும் கோவேறு கழுதைக்குத் தீனி போடுவதைப் பற்றியும் சொன்னார். குண்டு வெடிக்காத நாளிலும் மூன்று வேளை வயிறு பசிக்கும் என்பதுதான் அவர் கூறியதன் சாரம். படைச்செலவில் பெரும்பகுதி சோறும் துணியும் சம்பளமும் என்பதை அன்று அறிந்தேன்.

நவம்பர் 26ஆம் நாள்

காஷ்மீரப் போர் தொடங்கிச் சரியாக ஒரு மாதம். 1947 நவம்பர் 26ஆம் நாள் சண்முகம் செட்டியார் விடுதலை இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அவையில் வைத்தார். அது முழு ஆண்டுக்கானது அன்று. ஆகஸ்டு 15 முதல் மார்ச்சு 31 வரையிலான ஏழரை மாதங்களுக்கானது.

எதிர்பார்த்த வரவு 171.15 கோடி ரூபாய். செலவு 197.39 கோடி. இதில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி! நூற்றுக்கு 47 ரூபாய் படைக்கே போயிற்று. நான் நாள்களை எண்ணிப் பார்த்தேன். 1948 மிகைநாள் ஆண்டு ஆதலால் மொத்தம் 230 நாள்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 40 இலட்சம் ரூபாய். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். 2025-26ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பின் பங்கு நூற்றுக்கு 14க்கும் குறைவு. பிறந்து மூன்று மாதமே ஆன நாடு தன் கைப்பொருளில் பாதியைக் காவலுக்குக் கொடுத்து நின்றது.

மீதிப் பணத்துக்கு மட்டும் வேலை இல்லையா? அகதிகளை அழைத்துவரவும் காக்கவும் 22 கோடி. வெளிநாட்டிலிருந்து வாங்கும் உணவு தானியத்தை மக்களுக்குக் குறைந்த விலையில் தர 22.52 கோடி. எல்லையில் பகை, முகாமில் அகதி, அடுப்பில் பூனை. இந்த மூன்றில் எதை அவர் கைவிட்டிருக்க முடியும்?

எதையும் கைவிடவில்லை. பெரும் வரிச்சுமையையும் ஏற்றவில்லை. ஏற்றுமதியாகும் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் வரி விதித்து 1.65 கோடி திரட்ட முனைந்தார். நெசவாலை நகரத்திலிருந்து வந்தவர் நெசவுத் தொழிலின் மீதே கைவைத்தார் என்பதை நாம் கவனிக்கவேண்டும். அதன் பின்னும் 24.59 கோடி துண்டு விழுந்தது. அதை மூடி மறைக்காமல் அவையின் முன் அப்படியே வைத்தார். புது நாட்டின் முதல் கணக்கு, பற்றாக்குறைக் கணக்கு. ஆனால் உண்மைக் கணக்கு.

ஐம்பத்தைந்து கோடி

பிரிவினைக்கு முன்பிருந்த கையிருப்பில் பாகிஸ்தானின் பங்கு 75 கோடி ரூபாய். அதில் 20 கோடி முன்பே தரப்பட்டுவிட்டது. எஞ்சிய 55 கோடியைக் கொடுத்தால் அது நம் வீரர்களைச் சுடும் குண்டாக மாறித் திரும்பி வருமோ என்று அமைச்சரவை அஞ்சியது. காஷ்மீரச் சிக்கல் தீரும்வரை நிறுத்திவைக்க எண்ணியது. அந்த அச்சம் பொருளற்றது என்று எவர் கூற இயலும்? ஆயின் கடன் கடன்தானே! 1948 சனவரி 13இல் மதநல்லிணக்கம் வேண்டி அண்ணல் உண்ணாநோன்பு தொடங்கினார். 15ஆம் நாள் அமைச்சரவை அத்தொகையை விடுவித்தது. சனவரி 30ஆம் நாள் அண்ணல் வீழ்ந்தார். தமுக்கத்தில் நான் கண்ட அந்தத் துணியின் கறை, எனக்கு இப்போது இந்தக் கணக்கையும் நினைவூட்டுகிறது.

துயரம் ஆறும் முன்பே, பிப்ரவரி 28ஆம் நாள் அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை அவர் படைக்கவேண்டியிருந்தது. இம்முறை பாதுகாப்புக்கு ஏறத்தாழ 121 கோடி.

இன்னொரு பெருங்கணக்கும் காத்திருந்தது. உலகப்போரின்போது ஆங்கில அரசு தன் போருக்காக இங்கே பொருள்களை வாங்கிக்கொண்டு, அதற்குரிய தொகையை இலண்டனில் பவுனாகப் பற்றெழுதி வைத்தது. அதை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டுகள் அச்சிடப்பட்டன. விலைவாசி விண்ணை முட்டியது. அப்படிச் சேர்ந்த கடன் 100 கோடி பவுனுக்கும் மேல். ஏழை இந்தியா கடன் கொடுத்தவன். வல்லரசு கடன் பட்டவன்! 1948இல் சண்முகம் செட்டியார் இலண்டன் சென்று பேசினார். சூலையில் உடன்பாடு ஏற்பட்டது. ஆங்கிலேயர் இங்கே விட்டுச்சென்ற படைத்தளவாடங்களுக்கும் இராணுவக் கட்டடங்களுக்கும் விலையாக 10 கோடி பவுன் அந்தக் கணக்கில் கழிக்கப்பட்டது. அன்றைய மதிப்பில் அது 133 கோடி ரூபாய். இளம் நாட்டின் படை தங்கிய கொட்டகையும்கூட இப்படி விலை கொடுத்து வாங்கப்பட்டதுதான்.

பதவியும் பொறுப்பும்

அடுத்த மாதமே அவர் பதவி விலகினார். வரி ஏய்ப்பை ஆராய அமைந்த விசாரணைக் குழுவுக்கு அனுப்பப்பட்ட வழக்குகளில் சில, நிதி அமைச்சகத்தால் திரும்பப் பெறப்பட்டன. அவையில் கேள்விகள் எழுந்தன. அமைச்சகத்தில் நடந்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்ற நெறிப்படி, 1948 ஆகஸ்டில் அவர் விலகினார். அவருக்குப் பின் ஜான் மத்தாய் வந்தார். பின்னர் 1952இல் சென்னைச் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சண்முகம் செட்டியார், 1953 மே மாதம் மறைந்தார்.

வழக்குகள் திரும்பப் பெறப்பட்டதைப் புகழ்வதற்கில்லை. ஆனால் கணக்கு எழுதுபவன் கணக்குக்கு விடைசொல்லக் கடமைப்பட்டவன் என்பதை அந்த விலகல் காட்டியது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது நூலகத்தில் நான் தலைகுனிந்தேன். அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். வானம் பார்த்த பூமி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்தறிவு இல்லை. ஆகவே சனிக்கிழமைதோறும் வீட்டுக் கணக்கை நோட்டில் எழுதுவது என் வேலை. அரிசி, எண்ணெய், ஆட்டுக்குத் தவிடு, தங்கைக்கு நோட்டு, எனக்குப் பேருந்துக்குச் சில்லறை. முதலாம் ஆண்டில் ஒருமுறை, தேர்வுக் கட்டணத்தில் 300 ரூபாயைக் கூட்டி எழுதினேன். அந்தப் பணத்தில் நண்பர்களோடு மதுரையில் படம் பார்த்தேன். அந்தக் கட்டணத்துக்காக அம்மா விற்றது ஒரு வெள்ளாட்டுக் குட்டி.

நூலகத்திலிருந்து வீடு திரும்பிய அன்றிரவு நோட்டை விரித்து உண்மையைச் சொன்னேன். அம்மா கோபிக்கவில்லை. அவருக்கு முன்பே தெரியும்! எழுதத் தெரியாதே தவிர, ஒவ்வொரு ரூபாயும் அவர் மனத்தில் இருந்தது. இனிமேல் படத்துக்குப் போனால் படம் என்றே எழுதச் சொன்னார். அவ்வளவுதான்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். வீட்டின் முதல் கணக்கப்பிள்ளைகளும் நாமே. நாளை வங்கியிலும் ஊராட்சியிலும் அரசு அலுவலகத்திலும் பெரிய நோட்டுகள் நம் கைக்கு வரக்கூடும். 24.59 கோடி துண்டு விழுகிறது என்று நாட்டின் முன் நின்று சொன்னாரே, அந்தத் துணிவு அன்று நமக்கு வேண்டும். பற்றாக்குறை இழிவன்று, பொய்க்கணக்கே இழிவு. பொருளுக்குப் பின்னே படையை வைத்தார் வள்ளுவர். அந்தப் பொருளுக்கும் முன்னே உண்மையை வைப்போம்.