செங்கோட்டை தந்த சாரீரம்

திரிகூட மலையின் சாரல் நனைக்கும் தென்காசிச் சீமை, தமிழுக்கும் இசைக்கும் தாய்வீடு போன்றது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலத்தை அடுத்த மேலகரத்தில் தோன்றியவர். அவ்விடத்திற்குச் சிறிது தொலைவிலேயே உள்ள செங்கோட்டையில், அவ்வூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், 1906ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மகவாகப் பிறந்தவரே எஸ். ஜி. கிட்டப்பா. இராமகிருஷ்ணன் என்பது பெற்றோர் இட்ட திருநாமம். செல்லமாக அழைத்த கிட்டப்பா என்னும் பெயரே உலகறிய நிலைத்தது.

குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. தமையன்மார் நாடகக் கம்பெனியில் சேர்ந்து பொருள் ஈட்டலாயினர். கிட்டப்பாவும் பள்ளிப் பலகையைப் பிடிக்க வேண்டிய வயதில் அரங்கேறினார். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் தமிழ்நாடெங்கும் ஒலித்த காலம் அது. அந்நாடகங்களில் வசனத்தைக் காட்டிலும் பாட்டே மிகுதி. இரவு முழுவதும் பாட வேண்டும், ஒலிபெருக்கி இல்லை, கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் உழவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் சென்று சேர வேண்டும். இசைக் கல்லூரி எதுவும் அத்தகைய பயிற்சியைத் தந்திருக்க முடியாது.

முறையான குருகுல வாசம் வாய்க்கவில்லை என்பது கிட்டப்பாவின் வாழ்வில் பெருங்குறையாகப் பேசப்பட்டதுண்டு. ஆயினும் அவருக்கு வாய்த்த செவியே அவருக்கு ஆசான். வித்துவான்களின் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டே இராகங்களின் வடிவத்தை உள்ளத்தில் இருத்திக்கொண்டார். நல்ல பாடகனுக்கு நாவினும் முந்திய கருவி செவியே. தன் குரலைத் தானே கேட்டு, சுருதியோடு ஒப்பிட்டு, அணுவளவு விலகினும் உடனே திருத்திக்கொள்ளத் தெரிந்தவனே பாடகன். கோயிலில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிப்போரும் இதனை அறிவர்.

சிறுவர்களைக் கொண்டு நடந்த அக்காலக் கம்பெனிகளில், மகரக்கட்டு என்று கூறப்படும் குரல் உடையும் பருவம் வந்ததும் பலருடைய நாடக வாழ்வு முடிந்துவிடும். கிட்டப்பாவோ அப்பருவத்தைக் கடந்த பின்னரும் உயர்ந்த சுருதியிலேயே பாடினார். மேல் ஸ்தாயியில் குரல் மெலியவில்லை, கூச்சலாகவும் மாறவில்லை. மின்னல்போல் பிருகாக்கள் ஓடும். ஓடிய வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே தெரியும். அடுத்த கணமே குரல் ஓரிடத்தில் அசையாது நிற்கும். விரைவு பலருக்கு வரும். விரைந்தபின் நிற்கும் ஆற்றல் சிலருக்கே வரும். அருகே அமர்ந்து ஆர்மோனியம் வாசித்த தமையனார் காசி ஐயர், தம்பியின் கற்பனை போகும் திசையை அறிந்து தொடர்ந்தார்.

பெருமாளின் அடியார்கள் அவரை நினைவுகூரத் தனிக்காரணம் ஒன்றுண்டு. கண்ணையா அவர்களின் புகழ்பெற்ற கம்பெனியில் கிட்டப்பா சேர்ந்து, தசாவதார நாடகத்தில் மோகினியாகவும் பரதனாகவும் தோன்றினார். அரங்க அமைப்பின் ஆடம்பரத்திற்குக் கண்ணையாவின் நாடகங்கள் பெயர்பெற்றவை. ஆனால் பரதன் வேடத்திற்கு ஆடம்பரம் எதற்கு? அரசு வேண்டாமென்று அண்ணனைத் தேடிக் கானகம் புகும் தம்பியின் துயரம் குரலிலேதான் தெரிய வேண்டும். அங்கே பிருகா வேகம் உதவாது. பொருளுணர்ந்து சொல்லை நிறுத்திப் பாடும் பக்குவம் வேண்டும். இருபது வயதை எட்டும் முன்னரே அப்பக்குவம் அவரிடம் இருந்தது.

நாடகப் பாட்டைத் தாழ்வாகவும் கச்சேரி இசையை உயர்வாகவும் கருதிய காலத்தில், தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனையையும் வள்ளலாரின் விருத்தத்தையும் ஒரே மேடையில் பாடி இரு சாராரையும் மகிழ்வித்தவர் கிட்டப்பா. விருத்தத்திற்குத் தாளம் என்னும் துணை இல்லை. சொல்லே அதற்கு நடை. சொல்லைச் சிதைத்துவிட்டு இராகத்தைக் காட்டுவது எளிது. அவர் சொல்லையும் காத்து இராகத்தையும் வளர்த்தார். முன்வரிசை வித்துவான்களும் பின்வரிசைப் பாமரரும் ஒருசேரத் தலையசைத்தது அதனாலேயே.

1924இல் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது, மனைவியார் கிட்டம்மாள். பின்னர் இலங்கையில் நாடகம் நடந்தபோது கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளைச் சந்தித்தார். கணீரென்ற அந்த அம்மையாரின் குரலுக்கு முன் கிட்டப்பா நிற்க முடியுமா என்று ஐயுற்றவர்கள் உண்டு. வள்ளி திருமணம் மேடையேறியதும் ஐயம் அகன்றது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பற்றி, போட்டியே அழகாக மாறியது. அரங்கில் இணைந்த அவ்விருவரும் வாழ்விலும் இணைந்தனர். அவ்வாழ்வில் பிணக்கும் பிரிவும் நேர்ந்தன. அவற்றை விரித்துரைப்பது இங்கு வேண்டுவதன்று.

குரலைச் சாரீரம் என்றனர் சங்கீத சாஸ்திரம் வகுத்தோர். சரீரத்தோடு உடன் பிறப்பதால் அப்பெயர் என்று காரணமும் கூறினர். பயிற்சி இன்றியே இராகத்தைத் துலங்கச் செய்யும் குரலே அவர்கள் போற்றிய சாரீரம். கிட்டப்பாவிடம் அது நிறைவாக இருந்தது. சரீரத்தைக் காக்கும் கவனமே இல்லாது போயிற்று. இரவெல்லாம் பாட்டு, பகலில் பயணம், மறுநாள் வேறோர் ஊர் என்று ஓய்வின்றி உழைத்த உடல் அது. மதுப்பழக்கமும் அதைத் தின்றது. இதை மறைத்து எழுதுவோர் அவருக்கு நன்மை செய்ததாக எண்ணலாம். வளரும் பாடகர்களுக்கு நன்மை செய்யவில்லை. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தெட்டாம் வயது நடக்கும்போதே கிட்டப்பா இவ்வுலக வாழ்வை நீத்தார்.

தமிழில் பேசும்படம் 1931இலேயே வந்துவிட்டது. ஆயினும் அவர் எப்படத்திலும் தோன்றவில்லை. அவர் மேடையில் நின்ற கோலத்தைக் காண இன்று வழியில்லை. சில நிமிடங்களே ஓடும் பழைய இசைத்தட்டுகளில் குரல் மட்டும் எஞ்சியுள்ளது. விடியும்வரை பாடியவரின் இசையை அந்தச் சிறு தட்டில் அடக்கியது, குற்றால அருவியைச் செம்பில் முகந்த கதைதான். எனினும் அந்தச் செம்பு நீரும் அருவி நீரே.

சுந்தராம்பாள் அப்போது இருபத்தைந்து வயதினர். அன்று முதல் வெண்ணிற ஆடை உடுத்தினார், அணிகலன்களைத் துறந்தார். எவருடனும் இணையாக நடிக்க இசையவில்லை. 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராகத் தாமே வேடமேற்றுப் பாடினார். பின்னாளில் ஒளவையாராக நடித்து மூதாட்டிக் கோலத்திலேயே தமிழ் மக்கள் மனத்தில் இடம்பெற்றார். 1980இல் மறையும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல், அவ்வெண்ணிற ஆடை மாறவில்லை.