கம்பம் சாய்ந்தது... காற்றாடி பறந்தது!



2016 டிசம்பர் 12, வர்தா புயல் வந்த நாள் ஞாபகம் இருக்கா? நாமெல்லாம் அப்போ சின்னப் பசங்க. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எங்கும் மரங்கள் ரோட்டில் படுத்துக் கிடந்தன. கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னலும் இல்லை. வேலைக்குப் போன அப்பா எங்கே இருக்கிறார் என்று கேட்கக்கூட வழியில்லை.

அதே டிசம்பர் 12-ல், 115 வருடங்களுக்கு முன்னால், புயலில் டவரைப் பறிகொடுத்த ஒருவர் என்ன செய்தார் தெரியுமா? அவர்தான் மார்க்கோனி!

குலீல்மோ மார்க்கோனி 1874 ஏப்ரல் 25-ல் இத்தாலியின் பொலோனா நகரில் பிறந்தார். அம்மா அயர்லாந்துக்காரர். பல்கலைக்கழகத்தில் படித்தவர் இல்லை. வீட்டு மாடிதான் அவருக்கு லேப்! ஹெர்ட்ஸ் நிரூபித்த மின்காந்த அலைகளைக் கொண்டு 1895-ல் ஒரு மைலுக்கு மேல் சிக்னல் அனுப்பினார். 1896-ல் இங்கிலாந்து போனார். 1899-ல் அவருடைய சிக்னல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியது.

அடுத்தது அட்லாண்டிக் கடல். இங்கிலாந்தின் போல்டுவில் 20 உயரமான கம்பங்களை வட்டமாக நட்டு ஏரியல் கட்டினார். 1901 செப்டம்பரில் அடித்த புயலில் எல்லாம் சாய்ந்தது. அமெரிக்காவில் கேப் காட் என்ற இடத்தில் கட்டிய ஜோடி நிலையமும் நவம்பரில் விழுந்தது. அவ்வளவுதான், கதை முடிஞ்சு போச்சு என்றுதான் நாம் நினைத்திருப்போம்.

மார்க்கோனி சும்மா இருப்பாரா? போல்டுவில் இரண்டே கம்பங்களை நிறுத்தி, விசிறி மாதிரி கம்பிகளைத் தொங்கவிட்டார். பலூன், காற்றாடி எல்லாம் கட்டிக்கொண்டு, கனடா பக்கமுள்ள நியூஃபவுண்ட்லாந்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே பலூனைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. டிசம்பர் 12-ல் காற்றாடியில் சுமார் 150 மீட்டர் கம்பியைப் பறக்கவிட்டு, ரிசீவரைக் காதில் வைத்துக் காத்திருந்தார். 3,000 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து மோர்ஸ் எஸ் எழுத்தின் மூன்று புள்ளிகள் கேட்டதாக அறிவித்தார். அந்த ரிசீவரில் இருந்த பாதரசக் கருவி, நம் ஜகதீஷ் சந்திர போஸ் 1899-ல் விவரித்த வகை என்பது நமக்குப் பெருமை! கேட்டது நிஜம்தானா என்று சந்தேகப்பட்டவர்களுக்காக, 1902-ல் ஓடும் கப்பலிலேயே சிக்னலைக் காகித நாடாவில் பதிவு செய்து காட்டினார்.

1901-லேயே ஒரு நீராவி வண்டியின் கூரையில் மடக்கும் ஏரியலைப் பொருத்தி ஓட்டியும் பார்த்தார். இன்று புயல், வெள்ளம் வந்த ஊருக்கு ஓடி வரும் நடமாடும் செல் டவருக்கு அதுதான் தாத்தா! வண்டி மேல் பி.டி.எஸ். பெட்டி, மடக்கி நீட்டும் கம்பம், ஜெனரேட்டர். கேபிள் அறுந்திருந்தால் மைக்ரோவேவ் அல்லது சாட்டிலைட் டிஷ் மூலம் எக்ஸ்சேஞ்சுடன் இணைப்பு. விழுந்த டவரை நிமிர்த்தும் வரை ஊருக்கு உயிர்நாடி அதுதான்.

1909-ல் பிரவுனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் மார்க்கோனி. 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது, அவருடைய கம்பெனி ஆபரேட்டர்கள் அனுப்பிய சிக்னலால்தான் 700-க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். பின்னாளில் முசோலினி கட்சியில் சேர்ந்தது அவர் வாழ்வில் ஒரு கறை. 1937 ஜூலை 20-ல் ரோம் நகரில் மறைந்தபோது, வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் யாரோ ஒருவர் புயல் ராத்திரியில் அந்த வண்டியோடு போகப் போகிறோம். நாம் ஏற்றும் கம்பத்தால் ஒரு வீட்டில் அப்பாவின் குரல் கேட்கும். அரியர் விழுந்தால் என்ன, கம்பம் விழுந்தால் என்ன? கையில் காற்றாடி இருக்கே!