சோழனைச் சிறைவைத்த நம்ம ஊர்க்காரர்

ராஜராஜன், ராஜேந்திரன் என்றால் நம்மில் தெரியாதவர் இல்லை. ஆனால் ஒரு சோழச் சக்கரவர்த்தியையே பிடித்து வந்து, நம்ம உளுந்தூர்பேட்டைப் பக்கத்துச் சேந்தமங்கலத்தில் அடைத்து வைத்த வீரரை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் காடவ மன்னர் கோப்பெருஞ்சிங்கன்.

காடவர்கள் முதலில் சோழருக்கு அடங்கிய சிற்றரசர்கள்தான். மூன்றாம் ராஜராஜன் காலத்தில் சோழ அரசு ஆட்டம் கண்டது. தெற்கே பாண்டியர், மேற்கே போசளர். இந்தப் பெரிய அரசுகளுக்கு நடுவில், கெடில நதிக்கரையில் தனி அரசு அமைக்கத் துணிந்தார் கோப்பெருஞ்சிங்கன். சும்மா இல்லை, தான் பல்லவர் வம்சம் என்றே சொல்லிக்கொண்டார். பல்லவர் ஆட்சி முடிந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது!

1231-ல் வந்தவாசிப் பக்கம் தெள்ளாற்றில் ராஜராஜனைத் தோற்கடித்தார். 9-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னர் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியரை வென்றதும் அதே தெள்ளாறுதான். பிடிபட்ட சோழர் சேந்தமங்கலத்துக்கு வந்து சேர்ந்தார்.

போசள மன்னர் நரசிம்மன் சும்மா இருப்பாரா? அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரு தளபதிகளை அனுப்பினார். அவர்கள் வழியெல்லாம் ஊர்களை அழித்து, பயிரைக் கொளுத்திக்கொண்டு வந்தார்கள். திருவந்திபுரம் கல்வெட்டில் எல்லாம் இருக்கிறது. ராஜாக்கள் சண்டையில் வயிறு எரிந்தது நம்மைப் போன்ற குடியானவர்கள்தானே! கடைசியில் சோழரை விடுவித்தார் கோப்பெருஞ்சிங்கன். ஆனால் நாட்டை விடவில்லை.

போலந்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1610-ல் மாஸ்கோவுக்குள்ளேயே படையை நிறுத்திய நாடு அது. 1795-ல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டதில் தேசப்படத்திலிருந்தே மறைந்தது. ஆனாலும் ஜனங்கள் அந்தப் பெயரை விடவில்லை. 123 வருஷம் கழித்து, 1918-ல் திரும்ப எழுந்தது.

பல்லவர் பெயர் எதற்கு, சொந்தப் பெயர் போதாதா என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் பள்ளிப்படி தாண்டிய முதல் ஆள் நான். பரம்பரை கேட்கிற இடத்தில் சொல்ல ஒன்றும் இல்லாமல் நிற்பது எனக்குத் தெரியும். அதனால் அவரைக் கேலி செய்ய மனசு வரவில்லை.

1243-ல் பட்டமேறிய மகனுக்கும் அதே பெயர்தான். சிதம்பரம் கிழக்குக் கோபுரம் அவர் கட்டியது. கீழே கருங்கல், மேலே செங்கல். சிவில் மாணவர்கள் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். சுந்தர பாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு வென்று, திரும்ப அவரிடமே கொடுத்தார். அவருடைய கல்வெட்டுகள் 1279 வரை கிடைக்கின்றன. கடைசிச் சோழர் மூன்றாம் ராஜேந்திரனின் கல்வெட்டுகளும் அந்த ஆண்டோடு நின்றுவிடுகின்றன. இரண்டு நாடும் பாண்டியர் கைக்குப் போயின.