ஒரு அம்மா சொன்னதைக் காதில் வாங்கிய டாக்டர்... கோதுமை ரகசியத்தைக் கண்டுபிடித்த டிக்கேவின் கதை!

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் ஒரு குடும்பத்தை நினைச்சுப் பாருங்க. நைட் ஷிஃப்ட் போற அப்பாவுக்கு சப்பாத்தி. பெரியவளோட டிபன் பாக்ஸில் சேமியா உப்புமா. சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும். ஆனா, சின்னவனுக்கு மட்டும் கோதுமை பட்டாலே உடம்பெல்லாம் தடிப்பு. ஒரே அடுப்பில் ரெண்டு சமையலான்னு அந்த அம்மா மலைச்சுப் போவாங்க இல்லையா?

இதுக்குக் காரணம் கோதுமைதான்னு இன்னைக்கு டாக்டர் சொல்லிடுவார். நூறு வருஷத்துக்கு முன்னாடி, கோதுமையால் குடலே கெட்டுப்போன குழந்தைகளுக்குக்கூட அதைச் சொல்ல ஆளில்லை. சொன்னவர், நெதர்லாந்தின் குழந்தைகள் நல மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே.

1905-ல் டோர்ட்ரெக்ட் நகரில் பிறந்தவர் டிக்கே. லைடனில் மருத்துவம் படித்துவிட்டு, ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தார். 1936-ல் அதன் தலைவராகும்போது அவருக்கு வயசு 31தான்!

அப்போது டாக்டர்களைக் குழப்பிய நோய், சீலியாக். வயிறு உப்பும், கை கால் குச்சியாகும், வயிற்றுப்போக்கு நிற்காது, வளர்ச்சி நின்றுபோகும். பல குழந்தைகள் இறந்தே போனார்கள். 1920-களில் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ், வாழைப்பழத்தை வைத்தே ஒரு உணவு முறையைக் கொண்டுவந்தார். குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழம்தான் மருந்துன்னு எல்லோரும் நம்பினாங்க. தட்டில் ரொட்டி இல்லாததுதான் காரணம்னு யாருக்கும் தோணலை.

அந்த முடிச்சை அவிழ்க்க உதவியது ஓர் அம்மா. ரொட்டியை நிறுத்தினால் குழந்தைக்குச் சரியாகுது, மறுபடி கொடுத்தால் தொல்லை திரும்புதுன்னு அவர் கவனித்துச் சொன்னது, டிக்கேவின் காதுக்கு வந்தது. வீட்டுப் பேச்சுன்னு அவர் ஒதுக்கலை. 1930-களின் நடுவிலேயே கோதுமை இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்து, 1941-ல் அதைப் பற்றி டச்சு மருத்துவ இதழில் எழுதினார்.

அடுத்து வந்தது போர். 1944-45 குளிர்காலத்தில் மேற்கு நெதர்லாந்தே பட்டினி கிடந்தது. ரொட்டி கிடைக்காமல் ஜனங்க துலிப் செடியின் கிழங்கைத் தின்றார்கள். ஊரே வாடிய அந்த நேரத்தில், சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்தது, நோயும் திரும்பி வந்தது. டிக்கேவின் பழைய சந்தேகம் இன்னும் உறுதியானது.

போருக்குப் பிறகு, 1950-ல் தன் ஆய்வேட்டைக் கொடுத்தார். வான் டி காமர், வெயர்ஸ் இருவரோடும் சேர்ந்து, கெடுதல் செய்வது கோதுமையின் மாவுச்சத்து அல்ல, குளூட்டன் என்ற புரதம்தான் என்று 1953-ல் காட்டினார். 1962-ல், 57 வயதிலேயே இறந்துபோனார்.

ஒரு விஷயம் முக்கியம். சீலியாக் வேறு, கோதுமை அலர்ஜி வேறு. அலர்ஜின்னா சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே தடிப்பு, வாந்தி வரலாம். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். சீலியாக் குடலை மெதுவாகக் கெடுக்கும். அதில் பார்லியும் கூடாது. சீலியாக் சந்தேகம் இருந்தால், டெஸ்ட்டுக்கு முன்னாடி நீங்களாகவே கோதுமையை நிறுத்தாதீங்க, ரிசல்ட் தப்பாகிடும். டாக்டரிடம் கேட்டுட்டு செய்யுங்க.

இப்போ குமாரபாளையம் அடுப்படிக்கு வருவோம். மைதா, ரவை, சேமியா எல்லாமே கோதுமைதான். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருக்கலாம், லேபிளைப் பாருங்க. மில்லில் கோதுமை அரைச்ச மெஷினிலேயே ராகியை அரைச்சா, அதிலும் ஒட்டிக்கும். பரோட்டா சூடு பண்ணின கல்லில் அவனுக்கு தோசை வேண்டாம். ஸ்கூல் காலை உணவில் ரவை, சேமியா உப்புமா வரும், டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்க.

அப்புறம், ரெண்டு சமையல் எதுக்கு? சந்தகை, அரிசியும் பருப்பும் சாதம், கம்மஞ்சோறு, ராகிக் களி... நம்ம கொங்கு வீட்டுச் சமையலில் பாதிக்கு மேல் கோதுமையே கிடையாது. அதை வீடு மொத்தமும் சாப்பிட்டால், சின்னவன் தனித்தட்டோடு ஓரமா உட்கார வேண்டியதில்லை.

எதைச் சாப்பிட்டதும் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, டாக்டரிடம் காட்டுங்க. டிக்கேவுக்கு வழி காட்டியதும் ஓர் அம்மா அப்படிக் கவனிச்சதுதான்!