டோனாவூர் அம்மையார்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீப உற்சவ காலத்திலே கண்ணுக்கினிய காட்சி ஒன்று உண்டு. பிள்ளை வரம் வேண்டிப் பெற்ற தம்பதிகள், கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் சேலையைத் தூளியாக்கிக் குழந்தையைக் கிடத்தி, முன்னும் பின்னுமாகத் தோளில் தாங்கி மாடவீதியை வலம் வருகிறார்கள். புத்திர பாக்கியமில்லாத வல்லாள மகாராஜனுக்கு அண்ணாமலையாரே மகவாக வந்தார் என்றும், ஆண்டுதோறும் அவனுக்குரிய ஈமக் கடனை அவரே செலுத்துகிறார் என்றும் அவ்வூர் ஐதிகம் சொல்லுகிறது. குழந்தையைத் தெய்வமாகவும், தெய்வத்தைக் குழந்தையாகவும் கொண்டாடும் நாடு நம்முடையது.

எனினும் இதே நாட்டில், கரும்புத் தொட்டில் இருக்கட்டும், வெறுந்தூளிக்கும் வழியில்லாத குழந்தைகள் இருந்தார்கள். வறுமையினாலோ, நேர்ச்சையினாலோ, பணத்தாசையினாலோ அறியாப் பருவத்திலேயே கோயில்களுக்கென்று ஒப்புவிக்கப்பட்டு, பொட்டுக் கட்டப்பட்டு, பின்னர் பிறருடைய இச்சைக்கு இரையான சிறுமிகள் அவர்கள். அவர்களுக்காக இரவும் பகலும் ஜெபித்து, அவர்களைத் தேடி எடுத்து வளர்த்த எமி கார்மைக்கேல் அம்மையாரின் சரித்திரத்தை இன்று வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

அம்மையார் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ந் தேதி அயர்லாந்தின் வடபாகத்தில் மில்லைல் என்னும் கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். சிறு வயதில் நீலநிறக் கண்கள் வேண்டுமென்று கடவுளை மன்றாடியதாகவும், விடிந்து கண்ணாடியில் பார்த்தபோது தம் பழுப்புநிறக் கண்களையே கண்டு ஏமாந்ததாகவும் கூறுவர். பிற்காலத்தில் சேலையுடுத்தி நம் ஸ்திரீகளிடையே வேற்றுமை தோன்றாமல் நடமாட அந்தக் கண்களே அவருக்கு உதவின. கேட்டது கிடையாமற் போவதும் பிரார்த்தனைக்கு ஒரு பதில்தான் என்று அவர் பின்னாளில் உணர்ந்தார்.

தகப்பனார் இறந்தபின் பெல்பாஸ்ட் நகரத்து ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே அவர் ஊழியம் செய்தார். 1893இல் ஜப்பான் சென்று, தேக அசௌக்கியத்தால் திரும்பினார். 1895இல் இந்தியா வந்தார். வந்தவர் தம் தேசத்துக்கு மீளவே இல்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் இந்த மண்ணிலேயே வாழ்ந்து இதிலேயே அடங்கினார்.

திருநெல்வேலிச் சீமையில் வாக்கர் என்னும் பாதிரியாரிடம் தமிழ் பயின்று, தமிழ்ப் பெண்கள் சிலருடன் மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சென்று தம் மதத்தைப் போதித்து வந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், களக்காட்டுக்கு அருகே, பிரஷ்யா தேசத்துப் பிரபு ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கும் டோனாவூருக்கு அவர் வந்து சேர்ந்தது ஆச்சரியமன்று. அந்நாட்களில் அவருடைய வாழ்க்கையே திசை மாறியதுதான் விசேஷம்.

1901ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் கொண்டுவரப்பட்டாள். கோயிற் பணிப்பெண்களின் வீட்டிலிருந்து தப்பி வந்தவள் அவள். முன்னொருமுறை தப்பித் தூத்துக்குடியிலிருந்த தாயிடம் ஓடியபோது, தாயே அவளைத் திருப்பி ஒப்படைத்துவிட்டாள். அதற்குத் தண்டனையாகக் குழந்தையின் கைகளில் சூடு போடப்பட்டது. பிரீனா என்று பெயர் பெற்ற அச்சிறுமி, அந்த வீடுகளில் நடப்பதை மழலை மாறாத வாயால் சொல்லக் கேட்ட அம்மையாருக்கு அதன்பின் நிம்மதியில்லை. ஊர் ஊராகச் செய்யும் பிரசங்கம் பெரிதா, ஒரு குழந்தையின் நகம் வெட்டி, தலை வாரி, இரவில் கண் விழிப்பது பெரிதா என்ற கேள்வி அவர் முன் நின்றது. தம் குருநாதர் சீஷருடைய கால்களைக் கழுவியதை எண்ணிப் பார்த்தார். குழந்தைகளால் கால் கட்டுண்டு ஓரிடத்தில் தங்கிவிடச் சம்மதித்தார்.

1904 முதல் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கின. தாய்ப்பால் இல்லாத சிசுக்கள். அந்நியக் குழந்தைக்குப் பால் கொடுக்க ஊர்ப் பெண்கள் இசையவில்லை. வைத்தியர் அருகில் இல்லை. ஆகவே தென் திருவிதாங்கூரிலுள்ள நெய்யூரில், மிஷன் ஆஸ்பத்திரியின் பக்கத்தில், ஒரு வீடு அமர்த்திச் சிசுக்களை அங்கே வைத்தனர். அந்த வீட்டை நடத்தியவர் பொன்னம்மாள் என்னும் தமிழ்ப் பெண்மணி. நோய் கண்டு பல சிசுக்கள் இறந்தபோதும் தொட்டிலை விட்டு அகலாமல் நின்றவர் அவரே. 1915இல் புற்றுநோயால் அவர் மறைந்தார். அம்மையாரின் புகழைப் பேசுகிறவர்கள் இந்தத் தமிழ் விதவையின் தியாகத்தையும் சேர்த்துப் பேசுவதே நியாயமாகும்.

அம்மையார் காலத்து டோனாவூரில் யாரிடமும் பணம் யாசித்ததில்லை. ஊழியருக்குச் சம்பளமும் இருக்கவில்லை. தேவையைக் கடவுளிடம் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே அவர்கள் கொண்ட முறை. குழந்தைகளுக்காக எவ்வளவு பிரார்த்தனை நடந்ததோ, அவர்களை வளர்க்கும் கைகள் சோர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவும் அவ்வளவு நடந்தது. 1918இல் ஆண் குழந்தைகளுக்கும் இடம் ஏற்பட்டது. 1927இல் அது தனி ஐக்கிய ஸ்தாபனமாயிற்று. ஓர் ஆஸ்பத்திரியும் எழுந்தது. சர்க்கார் அளித்த கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் 1919இல் வந்தபோது, தம் குருநாதருக்குக் கிடைத்தது முள்முடியல்லவா என்று அம்மையார் மனம் கூசினார்.

ஒரு விஷயத்தை ஒளியாமல் சொல்லிவிட வேண்டும். 1903இல் அம்மையார் வெளியிட்ட நூல் முதலாக அவர் எழுதிய சில பகுதிகள், நம் சமயத்தையும் சமூகத்தையும் ஒரே கரிய வர்ணத்தில் தீட்டுகின்றன. மதமாற்றமும் அவருடைய நோக்கங்களில் ஒன்றே. சிறுமிகளின் உறவினர் அவர்மீது வழக்குத் தொடுத்ததும் உண்டு. தேவதாசிக் குலத்தார் நாட்டியத்தையும் சங்கீதத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்ததை அவர் கண்டவரல்லர். இவற்றில் நாம் அவரோடு உடன்படவில்லை. ஆயினும், அந்நியர் ஒருவர் நம் வீட்டுக் குறையைச் சொன்னார் என்ற கோபம், குறையே இல்லை என்பதற்குச் சாட்சியாகிவிடாது. சூடுபட்ட குழந்தையின் கை பொய் சொல்லவில்லை.

அந்தக் குறையை நீக்க நம்மவரும் எழுந்தார்கள் என்பது நமக்கு ஆறுதல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1927இல் சென்னைச் சட்டசபையில் இப்பிரச்னையைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை நிறுவினார். சுதந்திரம் கிட்டிய 1947ஆம் ஆண்டிலேயே பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. ஒருவர் ஜெபத்தாலும் பராமரிப்பாலும் செய்ததை மற்றவர் சட்டத்தால் நிலைநாட்டினார். இருவரும் தேடியது ஒரே குழந்தையின் சேமத்தையே.

1931இல் கால் தவறி விழுந்த எமி அம்மையார், மீதி இருபது வருஷங்களைப் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார். அங்கிருந்தே எழுதினார், பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பிரார்த்தித்தார். பொட்டுக் கட்டுவது சட்டத்தால் ஒழிக்கப்பட்ட செய்தி வெளியானபோது அவர் உயிரோடிருந்தார். 1951ஆம் ஆண்டு ஜனவரி 18ந் தேதி காலமானார். தம் சமாதியின்மேல் கல் நாட்டலாகாது என்பது அவர் விருப்பம். பிள்ளைகளோ பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றை அங்கே வைத்து, அம்மா என்னும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தார்கள்.

பொட்டுக் கட்டும் வழக்கம் சட்டத்தில் ஒழிந்தது. தொட்டிலற்ற குழந்தைகள் ஒழிந்துவிடவில்லை. பெண் சிசுக்களைக் கொல்லாமல் சர்க்காரிடம் ஒப்புவிக்குமாறு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்ததே அதற்கு அத்தாட்சி. துன்பப்படும் குழந்தைக்காக 1098 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது. அதை அழைக்க மனிதர் வேண்டும். விடுதிகளில் பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாக வளர்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் அலுத்துப் போகாமல் தாங்க ஊர் வேண்டும்.

எந்த மதத்தினராயினும், குழந்தைகளுக்காகக் கைகூப்புகிறவர்கள் அந்தக் கைகளையே பிறகு தொட்டிலின் கயிற்றுக்கும் கொடுக்க வேண்டும் என்பதே டோனாவூர் அம்மையார் நமக்கு விட்டுச் சென்ற பாடம். கரும்புத் தொட்டிலைச் சுமந்து அண்ணாமலையாரை வலம் வரும் பெற்றோர், தம் குழந்தைக்காக வேண்டும்போது, தோள் கொடுப்பாரற்ற இன்னொரு குழந்தையையும் நினைத்துக்கொள்வார்களாக. நினைப்பதோடு நில்லாமல், அதற்கும் தோள் கொடுப்பார்களாக.