சூதாட்டமும் விருந்தும் ஒரே கூரையின் கீழ்: ஈப்போவின் ஈயக் கோடீஸ்வரர் லியோங் ஃபீ யார்?

கேசினோ என்றதும் உங்களுக்கு கெந்திங் மலைதான் ஞாபகம் வரும். கீழே ரூலெட் மேசை. கொஞ்சம் தள்ளி மங்கலான வெளிச்சத்தில் ஸ்டேக் ஹவுஸ். பில்லைப் பார்த்தாலே நமக்குத் தலை சுற்றும். மலேசியாவில் உரிமம் பெற்ற ஒரே கேசினோ அதுதான். உரிமம் கிடைத்தது 1969-இல், முதல் ஹோட்டல் திறந்தது 1971-இல்.

ஆனால், காசுள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவதும் அங்கேயே சாப்பிடுவதும் இந்த நாட்டில் அதைவிட முக்கால் நூற்றாண்டு மூத்த பழக்கம். அதைப் பார்க்க நீங்கள் மலை ஏற வேண்டியதில்லை. ஈப்போ பழைய நகரில் ஜாலான் பிஜே தீமாவுக்குப் போனால் போதும். அங்கே மூன்று மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. பெயர் ஹான் சின் பெட் சூ. ஓய்வு மாளிகை என்பதுபோலப் பொருள்படும் ஹக்கா சீனப் பெயர் அது. இந்த கிளப்பை 1893-இல் தொடங்கியவர்தான் லியோங் ஃபீ.

சரி, இவர் யாரு?

1857-இல் தென் சீனாவின் குவாங்துங் மாநிலத்தில் ஒரு ஹக்கா குடும்பத்தில் பிறந்தார். 1870களில் பிழைப்புத் தேடி பினாங்கு வந்தார். அங்கிருந்து கிந்தா பள்ளத்தாக்கு. அந்த நேரத்தில் கிந்தாவுக்குப் போவது என்றால், இன்று யாரோ ஒருவர் ‘ஸ்டார்ட் அப்’ நகரத்துக்கு மூட்டை கட்டுவது மாதிரி. மண்ணைத் தோண்டினால் ஈயம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்துக்குத் தேவையான ஈயத்தில் ஏறக்குறைய பாதியை மலாயாதான் கொடுத்தது. அதில் பெரும்பங்கு கிந்தாவுடையது. உங்கள் தாத்தா பாட்டி பேராக்கைச் சேர்ந்தவர்கள் என்றால் ‘ஈய லம்பம்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த லம்பங்கள்தான் லியோங் ஃபீயைத் தூக்கி நிறுத்தின.

ஈப்போவை ஒட்டிய தம்புன் சுண்ணாம்பு மலைகளின் அடியில் அவருக்குக் கிடைத்த சுரங்கம் மிகச் செழிப்பான ஒன்று. தம்புன் சுரங்கம் என்றால் மலாயா முழுக்கத் தெரியும். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை ஒரே ஏறுமுகம். பினாங்கு லீத் தெருவில் மாளிகை. சியோங் ஃபாட் ட்ஸேயின் புகழ்பெற்ற நீல மாளிகையும் அதே தெருவில்தான் இருக்கிறது. சீன அரசின் துணைத் தூதர் பதவி வந்தது. 1909-இல் கூட்டு மலாய் மாநிலங்களுக்கான மன்றம் அமைந்தபோது அதில் இடம்பெற்ற முதல் சீனர் அவர்தான்.

கிளப் தொடங்கிய ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். 1892 ஜூன் மாதம் ஈப்போவில் பெரிய தீ. ஊரில் பாதிக்கு மேல் சாம்பல். அடுத்த ஆண்டே இந்த கிளப். வெள்ளைக்காரர்கள் கூடிய ஈப்போ கிளப்கூட 1895-இல்தான் வந்தது. சீனர்கள் எவ்வளவு பெரிய பணக்காரர்களாக இருந்தாலும் வெள்ளையர் கிளப்பில் சமமாக உட்கார முடியாத காலம். தங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று சுரங்க முதலாளிகள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இவர்களும் தங்கள் கதவைத் திறந்து வைக்கவில்லை. உறுப்பினர் ஆக நீங்கள் ஹக்காவாக இருக்க வேண்டும், சுரங்கம் வைத்திருக்க வேண்டும், ஆணாகவும் இருக்க வேண்டும்.

உள்ளே என்ன நடந்தது? சூதாட்டம், அபின், பாட்டுப் பாடி உபசரிக்கும் பெண்கள், ரகசியக் குழுக்களின் பேச்சு. இன்று அருங்காட்சியகமாக இருக்கும் இந்தக் கட்டடத்தில் ‘நான்கு தீமைகள்’ என்று இவற்றைத்தான் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கூடவே சாப்பாடு. அந்தக் காலத்து சீனத் தவுக்கேக்களின் விருந்து என்றால் சுறாத் துடுப்பு சூப்பும் பிராந்தியும் இல்லாமல் நடக்காது. வியாபாரம் பேசி முடிப்பதும், புதிய சுரங்கத்துக்குப் பங்காளி பிடிப்பதும் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான்.

ஒரு சின்ன விலகல். ஸ்டேக் வேண்டும் என்றால் அன்றைய ஈப்போவில் அதற்கு வேறு இடம். ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல்காரர்களாக இருந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டார்கள். அப்படித்தான் 1906-இல் எஃப்.எம்.எஸ். பார் பிறந்ததாகச் சொல்கிறார்கள். ரப்பர் தோட்டத்து துரைமார்களும் சுரங்க இன்ஜினியர்களும் வார இறுதியில் அங்கே வந்து உட்காருவார்கள். இன்று நீங்கள் கோப்பிக் கடையில் சாப்பிடும் சிக்கன் சாப், அந்த ஹைனான் சமையல்காரர்களின் கைவண்ணம்தான்.

முதலாளி வீட்டுக்குள் ஆடினார், கூலி எங்கே ஆடினார்?

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. சுரங்கத்தில் இடுப்பளவு சேற்றில் நின்ற கூலிக்கும் சூதாட்டம் இருந்தது. அது கிளப்பில் இல்லை, கடைத்தெருவில். அதுவும் திருட்டுத்தனமாக இல்லை, அரசாங்க அனுமதியோடு. ஓர் ஊரில் சூதாட்டம் நடத்தும் உரிமையை பிரிட்டிஷ் நிர்வாகம் ஏலம் விடும். அதிகத் தொகை கேட்டவருக்கு அந்த ஊர் சூதாட்டம் முழுவதும் சொந்தம். அபினுக்கும் சாராயத்துக்கும் அடகுக் கடைக்கும்கூட இதே முறை. வரி வசூலிக்க ஆள் வைக்காமலேயே அரசாங்கத்துக்குப் பணம் வந்தது. சாலையும் ரயிலும் அந்தப் பணத்தில் ஓடின என்று சொன்னால் மிகையில்லை.

கடைத்தெருவில் பெரிதும் ஆடப்பட்டது ஃபான் டான். விளையாட்டு ரொம்ப சிம்பிள். ஒரு பிடி சோழிகளைக் குவித்து கிண்ணத்தால் மூடுவார்கள். நீங்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்களில் ஏதாவது ஒன்றின் மீது காசு வைப்பீர்கள். கிண்ணத்தைத் தூக்கி, சோழிகளை நான்கு நான்காகத் தள்ளிக்கொண்டே வருவார்கள். கடைசியில் எத்தனை மிஞ்சுகிறதோ அதுதான் வென்ற எண். பார்த்தால் நேர்மையான ஆட்டம்தான், நான்கில் ஒரு வாய்ப்பு.

அப்படின்னா நடத்துபவருக்கு என்ன லாபம்? நீங்கள் ஜெயிக்கும்போது அதில் ஒரு துண்டை அவர் எடுத்துக்கொள்வார். ஒரு பேச்சுக்கு அது பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வெள்ளியாக நான்கு முறை ஆடுகிறீர்கள். சராசரியாக மூன்று முறை தோற்பீர்கள், மூன்று வெள்ளி போச்சு. ஒரு முறை ஜெயித்தால் மூன்று வெள்ளி வர வேண்டும், வருவதோ இரண்டு வெள்ளி எழுபது காசு. முப்பது காசு காணாமல் போகிறது. ஒரு நாளில் அது தெரியாது. ஆறு மாதக் கூலியோடு வந்தவனுக்கு இரவு முடியும்போது தெரியும்.

கெந்திங்கில் ரூலெட் சக்கரமும் இதே கணக்குதான். ஒற்றைப் பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 37 எண்கள், ஆனால் ஜெயித்தால் 35 மடங்குதான் தருவார்கள். கேசினோவில் வாடிக்கையாளருக்கு இலவசச் சாப்பாட்டுக் கூப்பன் நீட்டுவார்கள் அல்லவா? அது தாராள மனசு இல்லை. அவர் எவ்வளவு நேரம், எவ்வளவு தொகை வைத்து ஆடுகிறார், சராசரியாக எவ்வளவு இழப்பார் என்று கணக்குப் போட்டு, அதிலிருந்து ஒரு பகுதியைத் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அந்த ஸ்டேக்குக்கு யாரோ ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டது.

கிந்தா கூலிக்கு இன்னொரு வலையும் இருந்தது. சுரங்கத்துக்கு முன்பணம் கொடுத்தவர்களே அரிசி, எண்ணெய், அபின் எல்லாவற்றையும் கடனுக்குக் கொடுத்தார்கள், வெளிச் சந்தையைவிடக் கூடுதல் விலையில். கணக்கு முடிக்கும் நாளில் கூலியில் பாதி கடனுக்குப் போகும், மிச்சம் சூதாட்டக் கடைக்குப் போகும். ஊர் திரும்பக் கப்பல் காசு இல்லாமல் இங்கேயே செத்தவர்கள் ஏராளம். லியோங் ஃபீ நல்லவரா கெட்டவரா என்று கேட்டால், நான் இந்த ஏற்பாட்டை அவர் தலையில் மட்டும் கட்டமாட்டேன். ஆனால் அந்த விருந்து மேசைக்கான காசு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

நம்ம ஆட்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ரப்பர் தோட்டங்களில் தமிழர்களுக்கு ஃபான் டான் இருந்த இடத்தில் கள்ளுக்கடை இருந்தது. மாலையில் கூலி கைமாறும், இரவுக்குள் அதில் ஒரு பங்கு கள்ளுக்கடையில். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடையை மூடு என்பதுதான். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போன பிறகு, பேராக் தமிழர் பலரின் முகவரி ஈப்போவின் புந்தோங் ஆனது. கச்சாங் பூத்தேவுக்குப் பெயர்போன அதே புந்தோங்.

லியோங் ஃபீ 1910களின் தொடக்கத்தில் காலமானார். ஏறக்குறைய அதே காலத்தில், 1912 முடிவோடு, கூட்டு மலாய் மாநிலங்களில் சூதாட்ட ஏல உரிமை ஒழிக்கப்பட்டது. கடைத்தெருவில் கூலி ஆடிய ஆட்டம் சட்டவிரோதம் ஆனது. கிளப் மட்டும் நிற்கவில்லை. அவர் காலத்தில் இங்கே பரவாத மாஜோங் பிறகு வந்து சேர்ந்தது. 1929-இல் இப்போதுள்ள மூன்று மாடிக் கட்டடத்தை எழுப்பினார்கள். பாவம், நேரம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். உலகப் பொருளாதாரம் சரிந்தது, ஈய விலையும் கூடவே விழுந்தது. அதிலிருந்து எழுந்தவர்களை 1985-இல் நடந்த ஈயச் சந்தைச் சரிவு படுக்க வைத்தது. சுரங்கம் இல்லாத ஊரில் சுரங்க முதலாளிகள் கிளப்புக்கு யார் வருவார்கள்? 2015-இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

தம்புனுக்கு நீங்கள் போயிருக்கலாம். லாஸ்ட் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. உள்ளே டின் வேலி என்று ஒரு பகுதி உண்டு. தண்ணீருக்குள் டூலாங் தட்டைச் சுழற்றி மணலில் ஈயம் அரிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அதற்கும் டிக்கெட் எடுத்துத்தான் போக வேண்டும்.