குடிநீர் காத்த டாக்டர் ஜான் ஸ்னோ

முன்னுரை

நீர் உயிரைக் காக்கும். அதே நீர் மாசுற்றால் உயிரைப் பறிக்கும். இதனை நம் காரைக்கால் மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் ஊரில் வாந்திபேதி பரவியது. சிலருக்குக் காலரா என உறுதியாயிற்று. புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தது. பள்ளிகள் சில நாட்கள் மூடப்பட்டன. காய்ச்சிய நீரையே பருகுமாறு நமக்கு அறிவுறுத்தினர். காலரா குடிநீரின் வழியே பரவுகிறது என்பதைச் சான்றுகளுடன் உலகுக்குக் காட்டியவர் டாக்டர் ஜான் ஸ்னோ. அப்பெருமகனாரின் வாழ்க்கையை இங்குக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

1813 மார்ச் 15ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஓர் ஏழைத் தொழிலாளியின் மூத்த மகனாக ஜான் ஸ்னோ பிறந்தார். உடன்பிறந்தோர் எண்மர். பதினான்காம் வயதிலேயே நியூகாசில் நகரில் ஒரு மருத்துவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1831-32இல் காலரா அங்கே பரவியபோது, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சிகிச்சை செய்யும் பொறுப்பு அவருக்குக் கிட்டியது. அப்போது அவர் நம்மைவிட மூன்று, நான்கு வயதே மூத்தவர்!

மருத்துவத் தொண்டு

பின்னர் லண்டன் சென்று பயின்று, 1844இல் எம்.டி. பட்டம் பெற்றார். மயக்க மருந்து கொடுப்பதில் வல்லவரானார். 1853இல் விக்டோரியா அரசியாரின் பிரசவத்தின்போது குளோரோபாம் கொடுத்தவர் இவரே. ஆயினும் புகழோடு மனநிறைவு அடைந்து விடவில்லை. கெட்ட காற்றினால்தான் காலரா வருகிறது என்று அக்கால அறிஞர் பலரும் நம்பினர். மாசுற்ற நீரே காரணம் என்று ஸ்னோ 1849இல் எழுதினார். ஏற்பார் மிகச் சிலரே.

பிராட் தெருக் கிணறு

1854 ஆகஸ்ட் இறுதியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா தலைவிரித்தாடியது. பத்தே நாட்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மக்கள் ஊரைவிட்டு ஓடினர். ஸ்னோவோ அங்கேயே வீடு வீடாகச் சென்று, இறந்தவர் எந்த நீரைக் குடித்தனர் என்று விசாரித்தார். பெரும்பாலோர் பிராட் தெருவிலிருந்த கைப்பம்பு நீரைக் குடித்தவர்கள். அருகிலிருந்த ஏழையர் விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. அங்கே மிகச் சிலரே இறந்தனர். தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் வசித்த ஒரு மூதாட்டியோ, சுவைக்காக அந்தப் பம்பு நீரை வரவழைத்துப் பருகியதால் மாண்டார். ஸ்னோவின் வேண்டுகோளின்படி செப்டம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோயின் வேகம் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்நேர்மை நம்மைக் கவர்கிறது.

அப்பகுதியின் இளம் குருவான ஹென்றி ஒயிட்ஹெட் முதலில் இதனை நம்பவில்லை. பொய்யென்று காட்டவே விசாரிக்கப் புகுந்தார். உண்மையைக் கண்டு மனம் மாறினார். கிணற்றருகே ஒரு வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணிகளை அலசிய நீர் கழிவுக்குழியில் கொட்டப்பட்டது. அக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடி தூரம்கூட இல்லை. செங்கற்சுவர் சிதைந்து, கழிவு கிணற்றில் கசிந்திருந்தது.

மறைவு

1858 ஜூன் 16ஆம் நாள், 45ஆம் வயதில் ஸ்னோ காலமானார். தம் கருத்தை உலகம் முழுதும் ஏற்றதை அவர் காணவில்லை. 1884இல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் நம் நாட்டின் கல்கத்தாவில், ஒரு குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார்.

முடிவுரை

அன்று சிதைந்த கிணற்றுச் சுவர். இன்று உடைந்த குழாய். குழாயில் நீர் ஓடும்போது உள்ளழுத்தம் கசிவை வெளியே தள்ளும். நீர் நின்றதும் அருகிலுள்ள சாக்கடை நீர் அதே விரிசல் வழியே உள்ளே புகும். ஆகவே தோழியரே, குழாய் உடைந்தால் உடனே உரியவர்க்குத் தெரிவிப்போம். பழுது நீங்கியபின் முதலில் வரும் நீரைப் பிடிக்காது விடுவோம். குடிநீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்து, மூடி வைப்போம். சோப்பிட்டுக் கை கழுவுவோம். தெளிவாகத் தோன்றும் நீரெல்லாம் தூய நீரன்று. கேள்வி கேட்டு, வீடு வீடாக நடந்து உண்மையைக் கண்ட ஸ்னோவைப் போல் நாமும் நம் தெருவின் நீரைக் காப்போமாக!